சில்வண்டு வீடு இது இல்லீங்க

வாங்க தம்பி, உள்ள வாங்க. புத்தகத்தை எதுக்கு முதுகுக்குப் பின்னாடி மறைக்கறீங்க? பதினோராவது இதழ்தானே? மூணாம் பக்கம், ரெண்டாவது கட்டம். ஒரு மின்கம்பம், அதுல மஞ்சள் பெயின்ட்ல நம்பர். அதைப் பாத்துட்டுத்தான வந்திருக்கீங்க? வாசல்ல நின்னு கம்பத்தையும் புத்தகத்தையும் மாத்தி மாத்திப் பாத்தீங்களே, அப்பவே தெரிஞ்சுபோச்சு. நீங்க பதினேழாவது ஆள்.

உக்காருங்க. முதல்லயே சொல்லிப்போடறேன். 'தையற்கடை செங்கமலம்' காமிக்ஸை எழுதி வரையற சில்வண்டு நான் இல்லீங்க. சிரிக்காதீங்க. பதினாறு பேரும் இப்படித்தான் சிரிச்சாங்க. "என்ன ஒரு தன்னடக்கம்"னு ஒருத்தர் கையெடுத்துக் கும்பிட்டுட்டே போனார். நான் நாச்சிமுத்துங்க. லைன் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆகி மூணு வருஷம் ஆச்சு. வாழைப்பழம் வரைஞ்சா வெண்டைக்காய் மாதிரி வரும். நம்பிக்கை இல்லைன்னா உள்ள என் சம்சாரம் ருக்குமணி இருக்கா, கேட்டுக்கங்க.

என்னது? ஆமாங்க, அதே நாச்சிமுத்துதான். செங்கமலம் வாசகர் வட்டம், வாட்ஸப் குரூப், இருநூத்திப் பன்னண்டு பேர், அட்மின் நான்தான். நீங்களும் அதுல இருக்கீங்களா? பேரு? ஓ, எந்தப் பதிவுக்கும் பதில் போடாம சும்மா படிச்சுட்டே இருப்பீங்களே, அந்த செல்வமணியா! சந்தோசம். அப்ப குரூப் விதியெல்லாம் படிச்சிருப்பீங்க. முதல் விதி என்னங்க? "படைப்பாளி தன்னை மறைத்துக்கொள்ள விரும்பினால் அதை மதிக்க வேண்டும்." யார் எழுதினது? நான். அதைப் படிச்சுட்டும் பஸ் ஏறி வந்திருக்கீங்க பாருங்க. ஒரு போன் இல்லை, தகவல் இல்லை, மத்தியானம் ரெண்டு மணிக்கு கேட்டைத் தட்டறீங்க. சரி விடுங்க, உங்களைச் சொல்லிக் குத்தமில்லை. பொதுவாவே ஜனங்களுக்கு நாகரிகம் குறைஞ்சுபோச்சு.

நான் போனது வேற மாதிரிங்க. ஆமா, நான் சில்வண்டைப் பாத்திருக்கேன். சாயறது எதுக்குங்க இவ்வளவு முன்னால, நாற்காலி கவுந்துடப் போகுது. சொல்றேன். ஊரு பேரு மட்டும் கேக்காதீங்க, செத்தாலும் சொல்ல மாட்டேன்.

ரெண்டாவது இதழ்ல ஒரு டவுன் பஸ் வருமே, நம்பரோட. அந்த நம்பர் எந்த ஊர்ல ஓடுதுன்னு ஒரே நாள்ல விசாரிச்சுட்டேன். ஆனா ஊருன்னா எத்தனை வீதி இருக்கு? ஏழாவது இதழ்ல மாட்டினாங்க பாருங்க. செங்கமலம் கடை வாசல்ல தெருவிளக்கு எரியலைன்னு ஒரு கட்டம் வருதா, அதுல கம்பத்தை நம்பரோட வரைஞ்சுபோட்டாங்க. வேற யாரா இருந்தாலும் அது வெறும் கோடு, எழுத்து. நான் முப்பத்தி நாலு வருஷம் கம்பத்தோட குடித்தனம் பண்ணினவன். மேல இருக்கறது டிரான்ஸ்பார்மர் பேரோட சுருக்கம், கீழ இருக்கறது கம்பத்தோட வரிசை. எனக்கு அது கதவு எண் போட்ட விலாசம் மாதிரி. அந்த ஊருக்குப் போனேன், டிரான்ஸ்பார்மரைக் கண்டுபிடிச்சேன், ஒண்ணு ரெண்டுன்னு கம்பத்தை எண்ணிக்கிட்டே நடந்தேன். குடிதண்ணித் தொட்டிக்கு எதிர்ல, மாடி வீடு. மாடி ஜன்னல்லேருந்து பாத்தா கட்டத்துல வரைஞ்ச கோணம் அச்சு அசலா வருது. அந்த நேரத்துல எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப்போச்சுங்க.

கேட்டைத் தட்டி, "சில்வண்டு இருக்காங்களா?"ன்னு கேட்டேன். எனக்குக் கொஞ்சம் குரல் சத்தம்தான், கம்பத்து மேல இருக்கறவனோட பேசிப் பேசிப் பழகினது. ஒரு அம்மிணி, நாப்பது வயசு இருக்கும், ஓடி வந்தாங்க. "மெதுவா, மெதுவா, உள்ள வாங்க"ன்னு கையைப் பிடிச்சு இழுக்காத குறையா கூப்பிட்டாங்க. அப்படி ஒரு வரவேற்பு! அப்புறம் வாசல்ல நின்னு வீதியில அந்தக் கடைசி வரைக்கும் இந்தக் கடைசி வரைக்கும் பாத்தாங்க. என்கூட வேற யாராவது வந்திருந்தா அவங்களுக்கும் சேத்துக் காப்பி போடணுமேன்னுதான்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"ன்னு கேட்டாங்க. சொன்னேன். மறுபடியும் கேட்டாங்க. மறுபடியும் விளக்கினேன். நாலு தடவை கேட்டாங்கன்னா பாத்துக்கங்க, என் திறமையில அவ்வளவு ஆச்சரியம். காப்பி வந்துச்சு. சர்க்கரை மறந்துட்டாங்க பாவம், கலைஞர்கள்னா அப்படித்தான். பத்து மணிக்குப் போனவன், ரெண்டரை மணிக்குத்தான் எந்திரிச்சேன். வீட்டுக்காரர் நூல் மில்லுல வேலை, நல்ல மனுசன், பேசவே மாட்டேங்கறார். கடிகாரத்தைப் பாக்கறது ஒண்ணுதான் அவருக்குப் பொழுதுபோக்கு போல.

நான் சும்மா போய் உக்காந்துட்டு வரலைங்க. உபயோகமாப் பேசினேன். ஆறாவது இதழ்ல கம்பம் சாயாம இழுத்துப் பிடிக்கற இழுவைக் கம்பியைத் தப்பான பக்கம் கட்டியிருந்தாங்க, திருத்திக் கொடுத்தேன். செங்கமலத்துக்கு ஒரு அண்ணன் இருந்தா நல்லா இருக்கும், லைன்மேனா இருக்கட்டும், பேரு வேணும்னா நாச்சிமுத்துன்னே வச்சுக்கலாம்னு சொன்னேன். "ரோசனை பண்றேனுங்க"ன்னாங்க. அந்த மரியாதை யாருக்கு வரும்?

கிளம்பறப்ப ஒண்ணே ஒண்ணு சொன்னாங்க. "சார், நான் பள்ளிக்கூடத்துல சயின்ஸ் டீச்சர். கதையில வர்ற வில்லன் தாளாளர் தண்டபாணி இருக்காரே, அந்த சபாரி சட்டை, அந்த ஜவ்வாது வாசனை, அந்தப் பேச்சு, எல்லாம் எங்க தாளாளர்தான். தெரிஞ்சா வேலை போயிரும். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க." சூடம் அணைக்காத குறையா சத்தியம் பண்ணிட்டு வந்தேன்.

காப்பாத்தினேனுங்க. நாலே பேர்கிட்டதான் சொன்னேன். அவங்ககிட்டயும் அதே சத்தியத்தை வாங்கிட்டுத்தான் சொன்னேன். குரூப்ல வெளிப்படையா எதுவும் போடலை. கம்ப நம்பரை எப்படிப் படிக்கறதுன்னு பொது அறிவா ஒரு பாடம் மட்டும் எழுதினேன், படத்தோட. நீங்களும் அதைப் படிச்சுத்தான வந்தீங்க? நல்லாப் புரியற மாதிரி இருந்துச்சுங்களா? நன்றி.

மூணு வாரம் கழிச்சு அந்த நாலு பேரையும் கூட்டிட்டு ஒரு வேன் பிடிச்சுப் போனேன். டீச்சர் முகத்துல ரத்தமே இல்லை. ரத்த சோகையா இருக்கும், பேரீச்சம்பழம் சாப்பிடச் சொல்லிட்டு வந்தேன். போட்டோ எடுத்தோம். அதுலயும் நான் ரொம்பக் கவனமுங்க. டீச்சர் முகத்தை மறைச்சு, எங்க அஞ்சு பேர், பின்னாடி கேட்டு, மாடிப்படி, தண்ணித் தொட்டி, அவ்வளவுதான் தெரியும். "சில்வண்டின் இல்லத்தில் ஓர் இனிய மாலை"ன்னு குரூப்ல போட்டேன். என்னங்க அப்படிப் பாக்கறீங்க? முகம் தெரியலைங்கறேன்.

குரூப்ல இருந்த ஒருத்தரோட பையன் அதே பள்ளிக்கூடத்துல படிக்கறான்னு எனக்கு எப்படித் தெரியும்? அந்த மனுசன் போட்டோவைப் பாத்ததும், "இது நம்ம டீச்சர் வீடாச்சே"ன்னு பள்ளிக்கூட வாசல்லயே பேசியிருக்கார். திங்கக்கிழமை தாளாளர் கூப்பிட்டு, ஏழாவது இதழை மேசை மேல போட்டு, "இந்த சட்டை யாருதுங்க டீச்சர்?"னு கேட்டாராம். டீச்சர் எனக்குத் தெரியாதுன்னுட்டாங்க. அவர் நம்பலை. அடுத்த மாசம் எடிட்டர் அறிக்கை விட்டார். "சில்வண்டு ஓய்வில் இருக்கிறார். செங்கமலம் மறு அறிவிப்பு வரும்வரை வெளிவராது."

அஞ்சு மாசம் தம்பி. கொரியர் பையன் வீதியில போறப்பெல்லாம் எந்திரிச்சு நின்னேன். எனக்குக் கோபம் கோபமா வந்துச்சு. இந்த வாசகர்களோட தொல்லை தாங்காமத்தான நிறுத்திட்டாங்கன்னு, குரூப்ல பத்தாவது விதி சேத்தேன். "படைப்பாளியின் வீட்டைப் படம் எடுத்துப் போடுவோர் உடனே நீக்கப்படுவர்." ருக்குமணி அதைப் படிச்சுட்டு, "அப்ப உங்களை யாருங்க நீக்குவா?"ன்னு கேட்டா. அவளுக்கு விளையாட்டு. அட்மினை நீக்க முடியாதுங்கற விசயமே தெரியாது.

உடம்புக்கு எப்படி இருக்குன்னு பாக்கறதுக்காக மூணாவது தடவை போனேன். ஞாயித்துக்கிழமை, இதே ரெண்டு மணி. கதவைத் தட்டினா திறக்கலை. உள்ள ஃபேன் ஓடற சத்தம் கேக்குது. நானும் படியில உக்காந்தேன். ஒரு மணி நேரம் இருக்கும். ஜன்னல் திறந்துச்சு, திரைச்சீலை திறக்கலை. அதுக்குப் பின்னாடி இருந்து டீச்சர் பேசினாங்க.

"சார், வாரத்துல எனக்குன்னு இருந்தது ஞாயித்துக்கிழமை மத்தியானம் மட்டும்தான். மூணு மணி நேரம். அதுலதான் வரைவேன். இப்ப அந்த மூணு மணி நேரமும் வாசல்ல யாராவது நிக்கறாங்களான்னு பாத்துட்டே போயிருதுங்க சார். கை ஓடலை. உங்களுக்குக் கதை புடிக்கும்னு எனக்குத் தெரியும். கதையை மட்டும் வச்சுக்கங்களேன்."

நான் எந்திரிச்சு வந்துட்டேன். மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு. மூணு மணி நேரம் பஸ்ல போயிருக்கேன், முகத்தைக்கூடக் காட்டலையேன்னு ருக்குமணிகிட்டச் சொன்னேன். அவ சாப்பாட்டைப் போட்டுட்டு உள்ள போயிட்டா.

அப்புறம்தான் பதினோராவது இதழ். கொரியர் வந்த அன்னிக்கு நான் ஆடின ஆட்டத்தை இந்த வீதியே பாத்துச்சு. மூணாம் பக்கம் திருப்பறேன், "செங்கமலம் புது வீட்டுக்குக் குடி வந்தாள்"னு ஒரு வரி. கீழ ஒரு வீடு. பச்சைக் கேட்டு. வாசல்ல ருக்குமணியோட மொபெட்டு, சைடு கண்ணாடி உடைஞ்சது உடைஞ்சபடி. முக்குல ஊர்ப் பலகை, 'தாராபு'ன்னு பாதிப் பேரு. பக்கத்துல கம்பம், நம்பரோட. என் கம்பம், தம்பி! என் வீட்டு வாசல் கம்பம்! நான் பதிப்பகத்துக்கு எழுதற கடுதாசியில எல்லாம் விலாசத்தோட கம்ப நம்பரையும் எழுதறது வழக்கம், தபால்காரர் தடுமாறக் கூடாதுன்னு. வீட்டு போட்டோ முதல் தடவை போனப்ப நானே டீச்சர்கிட்டக் காட்டினது, கட்டாயம் ஒருநாள் வரணும்னு. எல்லாத்தையும் ஞாபகம் வச்சு வரைஞ்சிருக்காங்க.

எனக்குப் பெருமை தாங்கலை. "அண்ணன் பாத்திரம் கொடுக்கலைன்னாலும் வீட்டையே கொடுத்துட்டாங்க பாத்தியா"ன்னேன். ருக்குமணி படத்தைப் பாத்தா, என்னைப் பாத்தா, வயித்தைப் பிடிச்சுட்டு சிரிச்சா. "பெருமையா? கெட்டிக்காரிங்க அந்தப் பொண்ணு. இருங்க, நாளையிலேருந்து தெரியும்"னா.

மறுநாளே முதல் ஆள் வந்துட்டார். துண்டோட குளிச்சிட்டு நிக்கறேன், "சில்வண்டு சார்!"னு கத்திக்கிட்டே கேட்டைத் திறந்து உள்ளயே வந்துட்டார். மத்தியானச் சாப்பாடு வரைக்கும் எந்திரிக்கலை. ஒன்பதாவது இதழ் ஏன் சொதப்பலா இருக்குன்னு என்னைக் கேக்கறார், நான் என்னத்தைச் சொல்ல? அடுத்தவர் கம்பத்துக்கு மாலை போட்டார், கரன்ட் கம்பத்துக்குங்க! ஒரு குடும்பம் பால் குடிக்கற குழந்தையோட வந்து, குழந்தைக்குப் பேர் வைங்கன்னாங்க. ஒருத்தர் செங்கமலத்துக்கு ஒரு தம்பி வேணும், அவன் தன்னை மாதிரி இருக்கணும்னு ரெண்டு மணி நேரம் விளக்கினார். மனுசனுக்கு ஒரு அடக்கம் வேண்டாமா? ருக்குமணி நாலாவது ஆளுக்கு வேணும்னே சர்க்கரை இல்லாம காப்பி கொடுத்தா. அவர் கண்டுக்கவே இல்லை, நல்லா இருக்குன்னுட்டு இன்னொரு டம்ளர் கேட்டார்.

அவர் அந்த ரெண்டாவது டம்ளரைக் கேட்டப்பத்தான் எனக்குச் சுருக்குன்னுச்சு.

போன ஞாயித்துக்கிழமை இன்னும் மோசம். சாப்பிட்டுட்டுச் சித்த படுக்கலாம்னு பாயைப் போட்டேன். தூக்கம் வரலை. கேட்டுச் சத்தம் கேட்ட மாதிரியே இருக்கு. எந்திரிச்சுப் போய் இந்த ஜன்னல் பக்கம் நின்னு, திரைச்சீலையை ஒரு விரல் அளவுக்கு விலக்கி வீதியைப் பாத்தேன். யாரும் இல்லை. வந்து படுத்தேன். மறுபடி எந்திரிச்சேன். அஞ்சு மணி வரைக்கும் இதே வேலை. நான் எதையும் வரையறவன் இல்லை, எனக்கு வேலை போயிருங்கற பயமும் இல்லை. எனக்கே இப்படின்னா அந்த டீச்சருக்கு எப்படி இருந்திருக்கும்? எனக்கு வெக்கமாப் போச்சு தம்பி. அறுபத்தொரு வயசுல, என் வீட்ல, என் ஜன்னல்ல நின்னுகிட்டு வெக்கப்பட்டேன். அவங்க சந்தோசத்துல நாலு தடவை கேக்கலை. பயத்துல கேட்டிருக்காங்க.

அட, அதென்னங்க போன்ல குறிச்சுக்கறீங்க?

காட்டுங்க. தண்ணித் தொட்டிக்கு எதிர்ல மாடி வீடு. வீட்டுக்காரர் நூல் மில்லு. சயின்ஸ் டீச்சர். ரெண்டாவது இதழ் டவுன் பஸ். ஐயையோ. இதையெல்லாம் நானா சொன்னேன்? ஊரு பேரைச் சொல்லலையே? சொல்லலைல்ல? பேரைத் தவிர எல்லாத்தையும் சொல்லிப்போட்டேனா! ருக்குமணி, சிரிக்கறியே, நான் பேசறப்ப நீயாவது வந்து வாயைப் பொத்தியிருக்கக் கூடாதா?

தம்பி, போகாதீங்க. உக்காருங்க. அதை அழிச்சுடுங்க. நீங்க நல்லவர், சும்மா பாத்துட்டு வந்துருவீங்கன்னு எனக்குத் தெரியும். நானும் சும்மா பாத்துட்டு வரத்தான் போனேன். அந்தத் தாளாளர் இன்னும் சந்தேகத்தோடதான் சுத்தறாராம், அந்தப் பையனோட அப்பா சொன்னார். புது இதழ்லயும் தண்டபாணி வர்றாரே, இன்னும் ஒரே ஒரு ஆள் போய் அந்த வீட்டு வாசல்ல நின்னாப் போதும், டீச்சருக்கு வேலையும் போயிரும், செங்கமலமும் போயிருவா. அது உங்களால இல்லை, என் வாயால.

உங்களுக்கு என்ன வேணும்? சில்வண்டோட ஒரு போட்டோ, குரூப்ல போடணும், அதுதான? எடுங்க. என்னை எடுங்க. பதினாறு பேருக்கு இல்லை இல்லைன்னு சொன்னேன். இப்ப ஆமான்னு சொல்றேன். "சில்வண்டு இவர்தான், ரிட்டயர் ஆன லைன் இன்ஸ்பெக்டர், தாராபுரம்"னு போடுங்க. தாளாளர் கண்ணுலயும் படட்டும். வந்தா இங்க வரட்டும், சபாரி சட்டையோட. என்னை எந்த வேலையிலேருந்து எடுப்பார்? டீச்சருக்கு நாளைக்கே ஒரு கடுதாசி எழுதிடறேன், பதிப்பகம் வழியா, ஒரே பக்கம். வீட்டுக்கெல்லாம் போக மாட்டேன்.

ஆமாங்க, குரூப்பை விட்டு வெளிய வரணும்தான். எட்டாவது விதி இருக்கே, "படைப்பாளிகள் வாசகர் வட்டத்தில் இருக்கக் கூடாது, வாசகர்கள் மனம் விட்டுப் பேச முடியாது." அதையும் நான்தான் எழுதித் தொலைச்சேன். நீங்க போட்டோ போடறதுக்கு முன்னாடி நானே வெளிய வந்துடறேன், அட்மினா நீங்க இருங்க. அதிகம் பேசாத ஆள்தான் அதுக்குச் சரி.

பென்சிலை இப்படிப் பிடிக்கணுமா? இன்னும் கீழயா? ருக்குமணி, போய் ஒரு வெள்ளைத்தாள் கொண்டா. வெறும் தாளா இருந்தாப் பரவால்லை, ரோசனையில இருக்கார்னு நினைச்சுக்குவாங்க. சரி, எடுங்க.

வந்துச்சுங்களா? பாக்க எழுத்தாளர் மாதிரி இருக்கேனா? லைன் இன்ஸ்பெக்டர் மாதிரிதான் இருக்கேன். சரி, போகட்டும்.

தம்பி, போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். பதினோராவது இதழைப் பத்தி நாலு பக்கம் எழுதி வச்சிருக்கேனுங்க, அந்த மழைக் காட்சி, செங்கமலம் குடையை விரிக்காம நிக்கறாளே, அதைப் பத்தி மட்டும் ஒரு பக்கம். இனி அதை எங்கயும் போட முடியாது. தன் கதையைத் தானே மெச்சிக்கறான்னு சொல்லுவாங்க. பன்னண்டாவது இதழ் வந்தா யார்கிட்ட உக்காந்து பேசுவேன்? உங்க நம்பரைக் கொடுக்கறீங்களா? உங்களுக்கு எந்த நாள், எந்த நேரம் சவுரியம்னு நீங்களே சொல்லுங்க. நான் அந்த நேரத்துக்கு மட்டும்தான் கூப்பிடுவேன்.